ஒரு டயல் ஸ்டாண்டும் நாலு மூலையும்

என் மேசை மேல் ஓர் இரும்புக் கட்டை இருக்கிறது. கரண்ட் பில்லும் மாத்திரைச் சீட்டும் ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் சும்மா இருக்காமல் அதைத் தூக்கிப் பார்ப்பார்கள். "இன்னா சார் இது, இந்தக் கனம் கனக்குது?" என்பார்கள். பேப்பர் வெயிட் என்று சொல்லிவிடுவேன். விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தால் காபி ஆறிவிடும். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் மீன் செதில் மாதிரி சின்னச் சின்ன வெட்டுகள் தெரியும். என் வலது தோள்பட்டை இன்றைக்கும் மழைக்காலத்தில் குடைவதற்கு அந்தச் செதில்கள்தான் காரணம்.

தொண்ணூற்றொன்றில் நான் வேலை பார்த்தது ஸ்ரீபெரும்புதூர் தாண்டி சுங்குவார்சத்திரம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு ஷெட்டில். இப்போது அந்தப் பக்கம் போகிறவர்கள் பெரிய பெரிய கம்பெனி கேட்டுகளைப் பார்த்துவிட்டு, எப்போதுமே இப்படித்தான் இருந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்போது எங்கள் ஷெட்டுக்கு ஒரு பக்கம் வேர்க்கடலைக் கொல்லை, இன்னொரு பக்கம் செங்கல் சூளை. உள்ளே இரண்டு லேத், ஒரு ஷேப்பர், ஒரு டிரில்லிங் மெஷின், மூலையில், சுழலும் கல் சக்கரத்தால் இரும்பின் மேல்பரப்பைத் தேய்த்துச் சமமாக்கும் ஒரு சர்ஃபேஸ் கிரைண்டர். எல்லாமே யாரோ உழைத்துத் தள்ளிய பிறகு ஏலத்தில் எடுத்தவை. நான் ஃபிட்டர். வேலை முடிந்த பொருளை வெளியே அனுப்பும் முன் அளந்து பார்ப்பதும் என் தலையில்தான் இருந்தது. வீடு படப்பையில். ஒரகடம் வந்து பஸ் மாற வேண்டும். இரண்டு பஸ்ஸிலும் நின்றபடிதான் வர வேண்டும். எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. ஆனால் அந்த வருடத்தை நினைத்தால் வேறு எதற்கும் முன்னால் அசதிதான் ஞாபகம் வருகிறது.

கிரைண்டரில் வேலை செய்தவர் என்னைவிடச் சில வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருவார். அதிகம் பேசமாட்டார். பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது. சர்ச்சுக்குப் போக வேண்டும் என்பார். கிறிஸ்துமஸ் வந்தால் ஷெட்டில் இருக்கிற எல்லோருக்கும் அவர் வீட்டிலிருந்து கேக் வரும். கிரைண்டரின் தண்ணீர்ப் பம்பு எப்போதோ போய்விட்டது; முதலாளி அதைச் சரி செய்யவே இல்லை. அந்தக் காய்ந்த தூசியில் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்பார். அவர் கை பட்ட வேலை ஒன்று திரும்பி வந்து நான் பார்த்ததில்லை, அந்த வருடம் வரைக்கும்.

எங்கள் ஷெட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்கு முதலாளியின் மனைவி, நாங்கள் அம்மா என்று கூப்பிடுகிறவர், தானே சந்தனம் அரைத்துக் கிண்ணத்தில் எடுத்து வருவார். கெட்டியாக, தோசை மாவு பதத்தில் இருக்கும். ஒவ்வொரு மெஷினுக்கும் தன் கையாலேயே சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைப்பார். விஜயதசமி வரை மெஷினைத் தொடக் கூடாது. அதற்குப் பிறகும் அந்தப் பொட்டை யாரும் துடைக்கக் கூடாது. எண்ணெயிலும் தூசியிலும் அது தானாகப் போக வேண்டும். துடைத்தால் அந்த வருடம் தொழில் படுத்துவிடும் என்று யாரோ எப்போதோ சொல்லி வைத்ததை எல்லோரும் பிடித்துக்கொண்டிருந்தோம். கற்பூரம் காட்டும்போது அண்ணன் ஷட்டர் ஓரமாக நிற்பார். முடிந்ததும் எங்களோடு உட்கார்ந்து பொரியும் சுண்டலும் சாப்பிடுவார். யாரும் அதைப் பற்றி ஒன்றும் நினைத்ததில்லை. நானும்தான்.

தீபாவளி கழிந்ததும் ஒரு புது ஆர்டர் வந்தது. சென்னைப் பக்கத்துக் கம்பெனி ஒன்றுக்கு இரும்புத் தகடுகள். ஒரு முழ நீளம், இரண்டு பக்கமும் கிரைண்ட் செய்து, எந்த இடத்தில் அளந்தாலும் கனம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதுவரை எங்கள் கிரைண்டரில் ஏறியதெல்லாம் உள்ளங்கை அளவு வேலைகள்தான். கிரைண்டரின் படுக்கை ஒரு காந்தத் தட்டு. அதை நாங்கள் மேக்னட் என்போம். பொருளை அதன் மேல் வைத்தால் அப்படியே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இந்தத் தகடு மேக்னட்டை மூலைக்கு மூலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

முதல் லாட் திரும்பி வந்தது. பாதித் தகடுகளுக்கு மேல் ஒரு பக்கம் தேய்மானம் என்றார்கள் கம்பெனிக்காரர்கள். இரண்டாவது லாட்டும் வந்தது. வேன் டிரைவர் தகடுகளை இறக்கி வைத்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. முதலாளி கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பயம் வந்தால் அவருக்குக் குரல் ஏறிவிடும். எல்லோரும் கேட்கும்படி கிரைண்டர் முன்னால் நின்று சொன்னார்.

"இன்னொரு தபா இது திரும்பி வந்துச்சின்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதுபா. வேற ஆளு பாத்துக்குவேன். நீ மனசுல எதுவும் வெச்சிக்காத."

அண்ணன் மூக்குத் துணியை அவிழ்க்காமலே தலையை ஆட்டினார். அந்த வட்டாரத்தில் கிரைண்டர் வைத்திருந்த ஷெட் எங்களுடையது மட்டும்தான். அதை விட்டால் அவர் அம்பத்தூருக்கு அலைய வேண்டும், இல்லை சூளையில் கல் சுமக்க வேண்டும். வீட்டில் மூன்றாவது பிரசவத்துக்கு மனைவி நாள் எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த மனிதர் கை தவறுகிறது என்றால் நான் நம்பத் தயாராக இல்லை.

தப்பு தகட்டில் இல்லை, அளப்பதில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். எங்களிடம் ஒரு சர்ஃபேஸ் பிளேட் இருந்தது. தண்ணீர் மட்டம் போல் சமமாகச் செதுக்கிய கனமான வார்ப்பிரும்புப் பலகை. அதன் மேல் தகட்டை வைத்து, முள் உள்ள டயலை ஒரு ஸ்டாண்டில் பொருத்தி, முனை தகட்டைத் தொடும்படி நகர்த்திக்கொண்டே போனால், மேடு பள்ளத்தை முள் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் எங்கள் ஸ்டாண்டு லேத்துக்கு வாங்கிய காந்த ஸ்டாண்டு. பிளேட்டில் வைத்தால் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். காந்தத்தை அணைத்துவிட்டு நகர்த்தினால், பலமுறை கீழே விழுந்து அடிபட்ட அடிப்பாகம் தட்டுத் தடுமாறும். தகடு சும்மா இருக்க, முள் பேய் ஆடும். ஆடுவது ஸ்டாண்டுதான் என்று தள்ளிவிட்டுத்தான் நான் இரண்டு லாட்டையும் 'ஓகே' என்று அனுப்பியிருந்தேன்.

பிளேட்டில் வழுக்கிக்கொண்டு நகரும் ஸ்டாண்டு ஒன்று வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டேன்.

"ஸ்கிராப்புல அவ்ளோ இரும்பு கீது. நீ ஃபிட்டரு தானே? செஞ்சிக்கோ. ஆனா வேலை நேரத்துல வாணாம்" என்றார்.

அண்ணனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். இந்த ஸ்டாண்டு முடிந்தால் தகட்டை ஒழுங்காக அளந்து, தப்பு உங்கள் மேல் இல்லை என்று காட்டிவிடலாம் என்றேன். அவர் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை.

"எதுக்குபா வீண் வேலை? நீயே நின்னு நின்னு வர்ற. வூட்டுக்குப் போய்ப் படு."

எனக்குச் சுருக்கென்றது. உங்களுக்காகத்தானே மாரடிக்கிறேன் என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

ஸ்கிராப்பில் தேடி, உடைந்த மெஷின் காலிலிருந்து உள்ளங்கை அகல வார்ப்பிரும்புக் கட்டை ஒன்றை எடுத்தேன். கனம் வேண்டும், அப்போதுதான் டயல் ஆடாது. ஷேப்பரில் ஏற்றி ஆறு பக்கமும் சீவினேன். சாப்பாட்டு நேரத்தில் ஒரு பக்கம், டீ நேரத்தில் ஒரு பக்கம். பாதியில் கரண்ட் போய்விடும். கரண்ட் வந்தால் முதலாளியின் வேலை முதலில் ஏறும், என் கட்டை கீழே இறங்கும். அடிப்பாகத்தின் நடுவில் பள்ளம் எடுத்து ஓரங்கள் மட்டும் நிற்கும்படி செய்தேன். அடி முழுவதும் தொட்டால் நடுவில் ஒரு தூசி போதும், கட்டை ஆடிவிடும். மேலே துளை போட்டு மரை வெட்டி ஒரு ஸ்டீல் கம்பியை நிறுத்தினேன். டயலைப் பிடிக்க ஒரு கிளாம்ப், அதற்குக் கையால் திருகுகிற ஸ்குரூ. மரை வெட்டுகிற டேப் உள்ளேயே ஒடிந்தது ஒரு நாள். அந்தத் துண்டை நோண்டி எடுப்பதற்குள் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இதெல்லாம் சுலபம். அடிப்பாகத்தைச் சமமாக்குவதுதான் உயிரை வாங்கியது. சர்ஃபேஸ் பிளேட்டில் நீல மையை மெல்லியதாகத் தடவி, கட்டையை அதன் மேல் தேய்த்துத் தூக்கினால், மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அந்த இடங்களை ஸ்கிரேப்பரால் செதில் செதிலாகச் சுரண்ட வேண்டும். ஸ்கிரேப்பர் என்று கடையில் வாங்கியது இல்லை. தேய்ந்த அரத்தின் நுனியைத் தீட்டிக்கொண்டது. சுரண்டித் துடைத்து, மறுபடி நீலம், மறுபடி தேய்ப்பு, மறுபடி சுரண்டல். நேற்று மேடாக இருந்தது இன்று பள்ளம், பள்ளமாக இருந்தது மேடு. ஷிப்ட் முடிந்த பிறகு பஸ்ஸை ஒவ்வொன்றாக விட்டுவிட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கார்த்திகை மழை ஆஸ்பெஸ்டாஸில் கொட்டும் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது. வீட்டில் சோற்றைப் பிசைந்தால் விரல் இடுக்கில் நீலம்.

"இன்னா இது, டம்ளரெல்லாம் நீலமா கீது? கம்பெனில வேலை செய்றியா, சாயப்பட்டறைல செய்றியா?" என்றாள் மனைவி.

கையைக் கழுவியதும் படுத்துவிட்டேன். கை தானாகத் தூக்கத்திலும் சுரண்டியது என்று காலையில் சொன்னாள்.

இதற்கிடையில் அண்ணன் போக்கு எனக்குப் பிடிபடவில்லை. டீக்கடையில் மற்றவர்கள் வீசிய காலி சிகரெட் பாக்கெட்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். உள்ளே இருக்கும் வெள்ளித்தாளை மட்டும் உருவி மடித்து வைப்பார். பிள்ளைகளுக்கு விளையாட என்று நினைத்தேன். நான் இங்கே தோளை உடைத்துக்கொண்டிருக்க, இந்த ஆள் குப்பை பொறுக்குகிறாரே என்று எரிச்சலும் பட்டேன். ஒரு நாளாவது என் பக்கம் வந்து 'எந்த அளவுல இருக்கு' என்று கேட்டாரா என்றால் இல்லை.

ஒருவழியாக அடி ஓரங்கள் முழுக்க நீலம் புள்ளி புள்ளியாகச் சமமாக விழுந்தது. துடைத்து, பிளேட்டில் வைத்துத் தள்ளினேன். எண்ணெய் ஊற்றின மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. முள் அசையவில்லை. அந்த வருடத்தில் நான் சந்தோஷப்பட்ட நேரம் என்று கேட்டால் அது ஒன்றுதான், அதுவும் டீ ஆறுகிற நேரம்கூட நிலைக்கவில்லை.

மூன்றாவது லாட்டில் முடிந்த தகடுகள் சில அடுக்கியிருந்தன. முதல் தகட்டை எடுத்து வைத்து ஸ்டாண்டை நகர்த்தினேன். முள் ஒழுங்காக நின்று வந்து, ஒரு மூலையில் மட்டும் சரிந்தது. அடுத்த தகடு. அதே மூலை. தகடுகளின் ஒரு முனையில் நம்பர் அடித்திருப்போம், அதனால் எந்த மூலை என்பது தெரியும். எல்லாத் தகட்டிலும் நம்பருக்கு வலது மூலை. சிலதில் கொஞ்சம், சிலதில் நிறைய. பழைய ஸ்டாண்டின் தடுமாற்றத்தில் இது கண்ணில் படாமலே போயிருக்கிறது. கம்பெனிக்காரன் சொன்னது சரி. முதலாளி சொன்னதும் சரி. அண்ணனைக் காப்பாற்ற என்று நான் தோள் உடையச் செய்த சாமான், அவர் வேலையில்தான் தப்பு என்று சாட்சி சொல்கிறது. அந்தக் கட்டையைத் தூக்கிக் கடலைக் கொல்லையில் எறிந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

சாப்பாட்டு நேரம். அண்ணன் டிபன் பாக்ஸோடு வேப்பமரத்தடியில் இருந்தார். நான் நேரே கிரைண்டருக்குப் போய், மேக்னட்டை அணைத்து, அதன் மேல் இருந்த தகட்டைத் தூக்கினேன். நடுப்பகுதி பளபளவென்று இருந்தது. அண்ணன் தினமும் எண்ணெய்க் கல்லால் தேய்த்து வைத்திருந்தார். நாலு மூலையிலும் மட்டும் பொருக்கு. சந்தனமும் கிரைண்டிங் தூளும் துருவும் சேர்ந்து இறுகிப்போன பொருக்கு, நடுவில் மங்கலாகச் சிவப்பு. அம்மா வைத்த பொட்டு. வைக்க ஆரம்பித்த முதல் மூலையில் விரல் நிறைய விழுந்திருக்கும் போல. அது மற்ற மூன்றைவிடக் கனமாக இருந்தது. தகடு அந்த மூலையில் மட்டும் மயிரிழை தூக்கி நின்றிருக்கிறது. தூக்கி நின்ற இடத்தைச் சக்கரம் கூடுதலாகத் தின்றிருக்கிறது. சின்ன வேலைகள் ஏறிய வரைக்கும் மூலை வரை எதுவும் போகவில்லை, தெரியவில்லை. மற்ற மூன்று மூலைகளிலும் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"பாத்துட்டியா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"மொத லாட்டு திரும்பின அன்னிக்கே தெரியும். அதான் மத்த மூணுக்கும் பேப்பர் குடுத்து ஏத்திப் பாக்கறேன். ஒண்ணு சரியா வருது, ஒண்ணு கிழிஞ்சிடுது."

எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தியும் விட்டேன். "கல்லைப் போட்டுத் தேச்சா ரெண்டு நிமிஷம்ணே! உங்க வேலை போவப்போவுது, பேப்பர் பொறுக்கிகினு கீறீங்களே!"

"நீ தேச்சா ரெண்டு நிமிஷம்" என்றார். "நான் தேச்சா?"

ஒரு வெள்ளித்தாளை எடுத்து மடிப்பை நீவினார்.

"இத்தினி வருசமா உங்களோட குந்தி சுண்டல் துன்றேன். ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னது இல்ல. சொல்ல வெச்சிடக் கூடாதுன்னுதான் பாக்கறேன். நான் தொடச்சிட்டு, அடுத்த மாசம் ஒரு ஆர்டர் போச்சின்னு வெய்யி. அப்போ இன்னா பேசுவாங்க?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"இன்னான்னு சொல்லுவேன்? உங்க சாமி பொட்டைத் தொடைங்கன்னா?"

கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் எந்தப் பானையில் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். நான் அத்தனை நாள் அசந்துபோய் வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேனே, அவர் அசதிக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

எண்ணெய்க் கல்லை எடுத்து நானே தேய்த்தேன். அவர் டிபன் பாக்ஸைக் கழுவப் போனார். ஏற்கெனவே கழுவியிருந்த பாக்ஸ்தான். நான் முடிக்கும் வரைக்கும் குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முதலில் சிவப்பு வந்தது, பிறகு மஞ்சள், பிறகு துரு. விரலில் ஒட்டிய குங்குமத்தை யோசிக்காமல் நெற்றியில் வைத்துக்கொண்டேன். எனக்கு அது அவ்வளவு சுலபமாக இருந்தது.

மூன்றாவது லாட்டில் கனம் மிச்சமிருந்த தகடுகளைத் திரும்ப ஓட்டினார். என் ஸ்டாண்டை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முள் தூங்கிவிட்டது. லாட் போனது, திரும்பி வரவில்லை. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, கொஞ்சம் மெரட்டினாத்தான் வேலை நடக்குது" என்று என்னிடமே சொன்னார். நான் வாயெடுப்பதற்குள் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் டயலைக் கழற்றித் துடைத்தேன். மிரட்டிய பிறகு திருந்தியவர் என்ற பெயரோடு அவர் அங்கேயே வேலை செய்தார். பெண் குழந்தை பிறந்தது. அந்த வருடமும் கேக் வந்தது.

அடுத்த ஆயுத பூஜைக்கு அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். லேத்துகள் முடிந்து, ஷேப்பர் முடிந்து, கிரைண்டருக்கு வந்தார். விரல் நிறைய எடுத்து மேக்னட்டின் மூலைக்குக் கொண்டு போனார். ஒரு வருடமாக மனதுக்குள் இதற்கு ஒத்திகை பார்த்திருந்தேன். எப்படி ஆரம்பிப்பது, கோபித்துக்கொண்டால் என்ன சொல்வது என்றெல்லாம். கடைசியில் வாயில் வந்தது இவ்வளவுதான்:

"அம்மா, அது மேல வாணாம்மா. சைடுல வெய்ங்க. வேலை கெட்டுப்போவுது."

"அய்யோ, அப்படியா?" அம்மா கையை இழுத்துக்கொண்டார். "இத மின்னாடியே சொல்லக் கூடாதாப்பா? எனக்கு இன்னா தெரியும் மெஷினைப் பத்தி?" மெஷினின் பக்கவாட்டில் வைத்துவிட்டு, சர்ஃபேஸ் பிளேட்டில் நின்றிருந்த என் ஸ்டாண்டின் கம்பி உச்சியில் மிச்சச் சந்தனத்தைத் தடவினார். சிரித்துக்கொண்டே டிரில்லிங் மெஷினுக்குப் போய்விட்டார்.

கற்பூரம் காட்டி முடிந்ததும் அண்ணன் ஷட்டர் ஓரத்திலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவர் இலையிலும் சுண்டல் விழுந்தது. எனக்கு ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட மிதப்பு.

"கேட்டுச்சாண்ணே? மின்னாடியே சொல்லக் கூடாதான்றாங்க. இவ்ளோதான் விஷயம்."

"கேட்டுச்சு" என்றார். சுண்டலில் கிடந்த தேங்காய்ச் சில்லைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"உங்கிட்ட சொன்னாங்கபா" என்றார்.